கொட்டிலடிக் கேள்விகள்: சினையாட்டின் கடைசி நாற்பது நாள்

பதில் சொல்பவர் உசிலம்பட்டி வட்டாரக் கிராமங்களில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சொந்த ஊரில் ‘கன்னி’ இன வெள்ளாடுகள் வளர்க்கிறார்.

மார்கழி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் சினையாட்டைப் பற்றித்தான் இருக்கும். ஆவணி, புரட்டாசியில் கிடாய் சேர்ந்த ஆடெல்லாம் தையிலும் மாசியிலும் குட்டி போடும். நம்ம பக்கத்தில் அதுதான் நல்ல காலம். மழை விட்டிருக்கும், கரட்டிலும் ஓடைக்கரையிலும் தழை மிச்சமிருக்கும், குட்டி நனையாது. ஆகவே இந்த மாதம் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன். கோழிக்கு அம்மை பற்றிக் கேட்ட சோழவந்தான் தம்பி கோபிக்க வேண்டாம், அடுத்த மாதம் முதல் பதில் உங்களுக்குத்தான்.

புதிதாக இரண்டு கன்னி ஆடு வாங்கினோம். விற்றவர் மூன்று மாதச் சினை என்றார். என் கொழுந்தன் பார்த்துவிட்டு நாலு முடிந்துவிட்டது என்கிறார். யாரை நம்புவது? எப்போது குட்டி போடும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகி, எழுமலை

இரண்டு பேரையும் விடுங்கள் தாயி, மடியைப் பாருங்கள். விற்கிறவருக்குச் சினை எப்போதும் அவர் வசதிப்படிதான் இருக்கும்.

வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், அதாவது 150 நாள். ஐந்து நாள் முன்னே பின்னே போகலாம். கிடாய் சேர்ந்த நாள் தெரிந்தால் கணக்குச் சுலபம்: தமிழ் மாதத்தில் ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆவணி பத்தில் சேர்ந்திருந்தால் தை பத்தை ஒட்டிக் குட்டி. என் வீட்டில் தினசரிக் காலண்டர் தாளிலேயே எழுதி வைத்துவிடுவேன். சேர்ந்த பிறகு இருபத்தொரு நாள் கழித்து ஆடு மறுபடி கத்திக்கொண்டு வாலை ஆட்டினால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம். கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

உங்களுடையது சந்தையில் வாங்கிய ஆடு, தேதி கிடையாது. அப்படியானால் உடம்பு சொல்லும். தலைச்சன் ஆடு, அதாவது முதல் ஈத்து என்றால் நாலாவது மாதத்திலேயே மடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கும். பல ஈத்து கண்ட ஆட்டுக்கு மடி கடைசி இரண்டு வாரத்தில்தான் கட்டும், சிலதுக்கு ஈன்ற அன்றுதான். வயிற்றைப் பார்த்து மாதம் சொல்வது வேலைக்காகாது. இரட்டைக் குட்டி இருந்தால் மூன்றரை மாதமே நிறைமாதம் போலத் தெரியும். கன்னி ஆட்டில் இரட்டை ரொம்ப சகஜம்.

நாள் நெருங்கியதைத் தெரிந்துகொள்ள நான் கையால் பார்ப்பது ஒன்று உண்டு. வால் முளைக்கும் இடத்தில், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து மெதுவாக அழுத்துங்கள். பென்சில் தடிமனில் இரண்டு நரம்புக் கயிறு விறைப்பாகத் தட்டுப்படும். தினமும் சாயங்காலம் ஒரு தடவை தொட்டுப் பழகிவிடுங்கள், ஆட்டுக்கும் பழகிவிடும். ஒரு நாள் அந்தக் கயிறு தொளதொளத்துப்போய் இருக்கும். பிறகு ஒரு வேளை விரலுக்கே அகப்படாது, வாலடியில் பள்ளம் விழுந்துவிடும். அகப்படாமல் போன நேரத்திலிருந்து பெரும்பாலும் ஒரு நாளைக்குள் குட்டி.

இப்போதைக்கு உங்கள் கொழுந்தன் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டு ஏற்பாட்டைத் தொடங்குங்கள். முந்திக்கொண்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

சினையாட்டுக்குத் தீனி எவ்வளவு கூட்ட வேண்டும்? எங்கள் வீட்டில் மீந்த சோறும் வடிகஞ்சியும் நிறைய இருக்கும், அதைக் கொடுக்கலாமா? – வாசகர், மேலூர்

இந்தக் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈனுகிற ராத்திரிக்கு என்ன தயார் செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த ராத்திரி நல்லபடியாகக் கழியுமா கழியாதா என்பது அதற்கு முந்தைய ஒன்றரை மாதத்தில் ஆடு என்ன தின்றது என்பதில் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

வயிற்றில் குட்டி எடை போடுவது பெரும்பகுதி கடைசி ஆறு ஏழு வாரத்தில்தான். முதல் மூன்று மாதம் வழக்கமான மேய்ச்சலே போதும். கடைசியில் குட்டி வளர வளர, இரைப்பைக்கு வயிற்றில் இடம் குறையும். தேவை கூடுகிற நேரத்தில் ஒரே மூச்சில் தின்னும் அளவு குறைகிறது. ஆகவே கொஞ்சமாக, சத்தாக, பல தடவை கொடுக்க வேண்டும். மேய்ந்து வந்த பிறகு ஓர் ஆட்டுக்கு 200 முதல் 300 கிராம் கலப்புத் தீவனம், அதையும் காலையும் மாலையுமாகப் பிரித்து. உடைத்த மக்காச்சோளம் ஒரு பங்கு, கோதுமைத் தவிடு முக்கால் பங்கு, கடலைப் பிண்ணாக்கு முக்கால் பங்கு, அதோடு கைப்பிடி தாது உப்பு, ஒரு சிட்டிகை கல் உப்பு. முதல் நாளே முழு அளவையும் கொட்டாமல், ஒரு வாரத்தில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

பிண்ணாக்கை உடைத்து மோந்து பாருங்கள். பூசண வாடை அடித்தாலோ, உடைத்த இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தாலோ குப்பைக்குழிக்குப் போகட்டும். அந்தப் பூஞ்சணத்தின் விஷம் ஈரலைக் கெடுக்கும், சினையைக் கலைக்கவும் செய்யும். மழைக்காலத்தில் தரையில் மூட்டை அடுக்கிய கடைகளில் இது நிறைய வரும்.

தழையில் அகத்தி, வாகை, வேம்பு, கொடுக்காப்புளி, ஆல், அரசு எல்லாம் நல்லது. துரட்டியால் கொழை ஒடித்துப் போடுகிறவர்கள் அதைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள். ஆடு நிமிர்ந்து தின்னும், மிதித்து வீணாக்காது, புழுத்தொல்லையும் குறையும். சவுண்டல் (சூபாபுல்) தழை சத்துதான், ஆனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. சோளம் அறுத்த தாளடியில் மழைக்குத் துளிர்த்திருக்கும் குருத்தைக் கண்டால் ஆட்டைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அதில் சயனைடு விஷம் உண்டு. வயிறு நிறையத் தின்ற ஆடு வீடு வந்து சேராது.

இனி உங்கள் சோறு. ஐயா, கொடுக்காதீர்கள். ஒரு கைப்பிடி தின்றதால் ஆடு சாகாது, உண்மை. ஆனால் கோயில் கும்பிட்டுக் கிடா வெட்டி விருந்து போட்ட மறுநாள் காலையில் எனக்கு வந்த அழைப்புகளை எண்ணி மாளாது. அண்டாவில் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்குக் கொட்டியிருப்பார்கள். ஆட்டின் இரைப்பை தழைக்கும் புல்லுக்கும் ஏற்பட்டது. மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் அது புளித்து அமிலமாகிறது. வயிறு கல் போல நிற்கும், பல்லைக் கடிக்கும், தள்ளாடும், கழிச்சல் போகும். சினையாடு என்றால் தாயும் குட்டியும் சேர்ந்து போகும். அரிசி, கம்பு, கேழ்வரகு மூட்டைகளையும் ஆடு நுழைய முடியாத இடத்தில் வையுங்கள். வடிகஞ்சியை ஆறவைத்துத் தண்ணீரோடு கலந்து கொஞ்சம் வைக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறைமாத ஆடு, அதுவும் வயிற்றில் இரட்டை சுமக்கிற ஆடு, திடீரென்று தீவனத்தை விட்டு ஒதுங்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் நின்றால் அது சோம்பல் இல்லை. குட்டிகளுக்குக் கொடுக்க உடம்பில் சர்க்கரை போதாமல், ஆடு தன் கொழுப்பையே கரைக்கிறது. மூச்சில் பழம் அழுகிய மாதிரி ஒரு வாடை வரும். எலும்பும் தோலுமான ஆட்டுக்கும் வரும், ரொம்பக் கொழுத்த ஆட்டுக்கும் வரும். ஆடு விழுங்குகிற நிலையில் இருந்தால் வெல்லமோ கருப்பட்டியோ கரைத்து மெதுவாகப் புகட்டிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கு அது படுத்துவிடும்.

குடற்புழு மருந்து, தடுப்பூசி எல்லாம் சினையில் போடலாமா? – வாசகர், கள்ளிக்குடி

போடலாம், டாக்டரிடம் எத்தனை மாதச் சினை என்று சொல்லிவிட்டு. அல்பெண்டசோலை மட்டும் முதல் ஒன்றரை மாதத்தில் தொடக்கூடாது, குட்டிக்கு ஊனம் வரலாம். ஃபென்பெண்டசோல் அந்த அளவுக்குப் பயமில்லாதது. துள்ளுமாரிக்கும் (குடல் விஷ நோய்) ரணஜன்னிக்கும் (டெட்டனஸ்) உள்ள ஊசியை ஈனுவதற்கு மூன்று நாலு வாரம் முன்னால் போட்டால் அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போய்ச் சேரும். ஊசிக்காக நிறைமாத ஆட்டைத் துரத்திப் பிடித்து மடக்கிப் போடாதீர்கள். நிற்கவைத்து, காதோரம் தடவிக்கொண்டே போட வேண்டும்.

பரண் கொட்டில் போட்டிருக்கிறோம். அதிலேயே குட்டி போடவிடலாமா? வேறு என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும்? – வாசகர், அலங்காநல்லூர்

பரணில் வேண்டாம். பலகை இடுக்கு பெரிய ஆட்டுக்கு அளவாக இருக்கும், பிறந்த குட்டியின் கால் அதில் இறங்கிவிடும். காற்றும் கீழேயிருந்து ஏறும். ஒரு வாரம் முன்னாலேயே தரையில் தனி இடம் ஒதுக்குங்கள், ஐந்தடிக்கு நாலடி போதும். பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவி, இரண்டு நாள் காயவிட்டு, காய்ந்த ஆற்று மணலோ மேட்டு மண்ணோ பரப்பி, மேலே வைக்கோல். மற்ற ஆடுகள் அதன் கண்ணில் படும்படி இருக்கட்டும். கூட்டத்தை விட்டு மொத்தமாகப் பிரித்தால் சில ஆடு கத்தியே ஓய்ந்துபோகும். மார்கழி, தை வாடை வடக்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் அடிக்கும், அந்தப் பக்கம் மட்டும் சாக்கு கட்டுங்கள். நாலு பக்கமும் பொத்திவிட்டால் மூத்திர ஆவியில் குட்டிக்குச் சளி பிடிக்கும்.

கொட்டில் வாசல் குறுகலாக இருந்தால் அகலப்படுத்துங்கள். சாயங்காலம் அடைகிற நேரத்தில் எல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு நுழையும்போது சினை வயிறு நிலையில் இடிபட்டுக் கலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். முட்டுகிற ஆடு ஒன்று எல்லாப் பட்டியிலும் இருக்கும். அதைத் தனியாகக் கட்டுங்கள்.

நான் ஒரு பழைய பால் தூக்கில் இதெல்லாம் போட்டு உத்திரத்தில் தொங்கவிட்டிருப்பேன்: டிங்சர் அயோடின், பிரிக்காத பிளேடு, வெள்ளை நூல், கையுறை, சோப்பு, சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய், டார்ச் லைட், கிழிந்த வேட்டித் துண்டுகள், காம்பு மாட்டிய பால் புட்டி. தூக்குச் சட்டி எதற்கு என்றால், எலி கடிக்காது, பிள்ளைகள் எடுத்து விளையாட மாட்டார்கள். பஞ்சாரம், அதாவது கோழி கவிழ்க்கிற பெரிய கூடை, ஒன்று காலியாக இருக்கட்டும். பகலில் தாய் மேயப் போகும்போது குட்டியைக் கவிழ்த்து வைக்க அதைவிட நல்ல சாமான் கடையில் கிடையாது. நாய்க்கும் காக்கைக்கும் பயம் இல்லை.

ஈனும்போது எந்தக் கட்டத்தில் நாம் கை கொடுக்க வேண்டும்? போன தடவை அவசரப்பட்டு இழுத்ததில் குட்டி செத்துப் பிறந்தது. – வாசகர், திருமங்கலம்

தம்பி, இழுத்ததால்தான் செத்தது என்று சொல்ல முடியாது, முன்னாலேயே செத்திருக்கவும் கூடும். மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். பத்து ஆடு ஈன்றால் ஒன்பதுக்கு நம் கை தேவையே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல், கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் வேலை. கஷ்டமான வேலை அது, தெரியும். என்னாலேயே சில நேரம் முடியாது.

முதலில் ஆடு ஒதுங்கும். காலால் தரையைப் பறிக்கும், படுக்கும், எழுந்திருக்கும், பின்னால் திரும்பித் தன் வயிற்றையே பார்த்து முனகும். இது அரை நாள் கூட நீளும், தலைச்சனுக்கு இன்னும் கூட. இதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, தண்ணீர் வைத்துவிட்டு விலகுங்கள். அப்புறம் முக்கல் தொடங்கும். பனிக்குடம் பலூன் மாதிரி வந்து உடையும். உடைந்து, நல்ல முக்கலும் இருந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் குட்டி வந்துவிட வேண்டும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு முன்னங்குளம்பு, அதன் மேல் படுத்த மாதிரி ஒரு மூக்கு. இதுதான் சரியான வரவு. பார்த்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். குளம்பு மட்டும் தெரிந்து மூக்கு தெரியாவிட்டால் குளம்பின் உள்ளங்கால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தரையைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் முன்னங்கால், வானத்தைப் பார்த்திருந்தால் பின்னங்கால். சந்தேகமாக இருந்தால் விரலை மேலே ஓட்டுங்கள். முன்னங்காலில் குளம்புக்கு மேல் வரும் இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கும். பின்னங்காலில் ஒன்று ஒரு பக்கம், அடுத்தது எதிர்ப்பக்கம். பின்னங்கால் இரண்டும் முதலில் வந்தாலும் பிறக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் இடுப்பு வெளியே வந்த பிறகு சுணங்கக்கூடாது. கொடி உள்ளே நசுங்கிவிடும், தலை இன்னும் தண்ணீருக்குள் இருக்கும்.

கை வைக்க வேண்டியது இந்த நேரங்களில்தான்: முக்கி முக்கி முக்கால் மணி ஆகியும் ஒன்றும் வரவில்லை; ஒரே ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது; தலை வந்துவிட்டது, கால் இல்லை; வால் மட்டும் தெரிகிறது; முதல் குட்டி பிறந்து ஒரு மணியாகி இன்னும் முக்குகிறது, இரண்டாவது வரவில்லை. நகத்தை வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டி, எண்ணெய் தடவி, விரல்களைக் குவித்து உள்ளே விடுங்கள். உங்கள் கை பெரிய கை என்றால் வீட்டில் சின்னக் கை யாருக்கு என்று பாருங்கள். நான் வேலை பார்த்த ஊர்களில் டாக்டர் வருவதற்குள் என்னைக் கூப்பிட வந்ததற்குப் பாதிக் காரணம் என் படிப்பில்லை, என் கை அளவு. இழுப்பதென்றால் ஆடு முக்கும்போது மட்டும், ஆட்டின் பின்முழங்காலைப் பார்த்துக் கீழ்நோக்கி, ஒரு காலை விட்டு ஒரு காலாக. முக்கல் நின்றால் நீங்களும் நிறுத்த வேண்டும். தலை பின்னால் திரும்பிக் கிடந்தால் இழுக்கவே கூடாது. உள்ளே கையை விட்டுப் பத்து நிமிஷத்தில் எது எங்கே என்று புரியவில்லை என்றால் வெளியே எடுத்துவிட்டு 1962-க்குப் போன் போடுங்கள், நடமாடும் கால்நடை வண்டி வரும். பக்கத்து மருந்தகத்து டாக்டர் நம்பரையும் கொட்டில் சுவரில் கரியால் எழுதி வைத்துவிடுங்கள்.

பிறந்ததும் மூக்கையும் வாயையும் துணியால் வழித்துவிடுங்கள். மூச்சு வரவில்லையா, மூக்குத் துவாரத்தில் வைக்கோல் நுனியால் குடையுங்கள், தும்மும். சாக்கால் நெஞ்சைப் பரபரவென்று தேயுங்கள். அழுதுவிட்டால் தாய் முன்னால் போட்டுவிட்டு விலகிவிடுங்கள், மிச்சத்தை அதன் நாக்கு பார்த்துக்கொள்ளும். தொப்புள் கொடி நீளமாக இருந்தால் வயிற்றிலிருந்து இரண்டு விரல்கடை விட்டு நூல் கட்டி, புது பிளேடால் வெட்டி, டிங்சர் அயோடினில் அப்படியே முக்கி எடுங்கள். சாம்பல், சாணி, மஞ்சள் எதுவும் வேண்டாம். மூட்டு வீங்கி நொண்டுகிற குட்டிகளில் நிறைய, தொப்புள் வழியாகக் கிருமி போனதுதான்.

சீம்பாலைக் குடித்தால் குட்டிக்குக் கழிச்சல் வரும் என்று என் மாமியார் முதல் நாள் பாலைக் கறந்து ஊற்றிவிடுகிறார். சரியா? – வாசகி, கொட்டாம்பட்டி

உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், கோபம் என் மேல் வரட்டும்.

மதினி, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி அதற்கு வந்து சேராது. வெறுங்கையோடுதான் பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான். அதை வாங்கிக்கொள்ளக் குட்டியின் குடல் திறந்திருப்பதும் முதல் ஒரு நாள்தான், அதிலும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால் வயிற்றில் விழ வேண்டும். ஒரு நாளைக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிலோ குட்டிக்கு 200 மில்லி, நாலைந்து தடவையாக. காம்பு நுனியில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும், முதலில் இரண்டு பீய்ச்சு தரையில் விட்டால் திறந்துகொள்ளும். ஊற்றுவதென்றால் அந்த இரண்டு பீய்ச்சை மட்டும் ஊற்றட்டும்.

குட்டியின் வாய்க்குள் சுண்டு விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பினால் நல்லது. வாய் சில்லென்று இருந்தால் பால் புகட்டாதீர்கள், புரையேறும், செரிக்கவும் செரிக்காது. சாக்கில் சுற்றி உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது குண்டு பல்பைத் தலைக்கு மேல் மூன்றடி உயரத்தில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். வைக்கோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய் சூடான பிறகு பால்.

தலை ஈத்து ஆடு ஒரு குட்டியைச் சேர்த்துக்கொள்கிறது, இன்னொன்றை முட்டித் தள்ளுகிறது. என்ன செய்ய? – வாசகி, பேரையூர்

ஆடு குட்டியை அடையாளம் பிடிப்பது மோப்பத்தில். இரண்டாவது பிறக்கும்போது முதலாவதை நக்கிக்கொண்டிருந்தால் இதை விட்டுவிடும். பிறந்த உடனேயே என்றால் நஞ்சுநீரை எடுத்து அந்தக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் பூசி முன்னால் போடுங்கள். குட்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது என்று நான் சண்டை போடுவது இதற்காகத்தான். நாள் கடந்துவிட்டது என்றால் தாயைக் குட்டையாகக் கட்டி, ஒரு ஆள் கொம்பைப் பிடித்துக்கொள்ள, நாளைக்கு நாலைந்து தடவை ஊட்டவிடுங்கள். தாயின் பால் குட்டி வயிற்றில் போய், அதன் புழுக்கையில் தன் வாடை வந்த பிறகு பெரும்பாலான ஆடு இறங்கி வந்துவிடும். அதற்கு முன் மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சூடாக, கட்டியாக இருந்தால் அது மடிநோய். ஊட்டும்போது வலிப்பதால் உதைக்கிறது, குட்டி மேல் வெறுப்பில்லை. அதற்கு வைத்தியம் வேறு.

எதற்கும் மசியவில்லை என்றால் புட்டிப்பால். ஆட்டுப்பால் இல்லாவிட்டால் பசும்பால், தண்ணீர் கலக்காமல், வெதுவெதுப்பாக, முதல் வாரம் நாலைந்து வேளை. புட்டியை வெந்நீரில் கழுவச் சோம்பல்பட்டால் கழிச்சலில் முடியும்.

நானே ஐந்து மாதம் கர்ப்பம். எங்கள் ஆடும் அடுத்த மாதம் ஈனும். வீட்டில் ஆடு பார்ப்பது நான்தான். – வாசகி, செக்கானூரணி

இந்தத் தடவை நீங்கள் பார்க்கக் கூடாது. சாங்கியம் சொல்லவில்லை, நோய்க்கணக்கு சொல்கிறேன். ஆட்டில் சினை கலைக்கிற புருசெல்லா மாதிரிக் கிருமிகள் நஞ்சுநீரிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கும், மனிதருக்கும் தொற்றும், கர்ப்பத்தையும் பாதிக்கும். ஈனும்போதும், கொட்டில் கூட்டும்போதும், அன்று போட்ட துணி துவைக்கும்போதும் வேறு ஆள் பார்க்கட்டும். ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு ஆடு பிடிக்கத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, கற்றுக்கொள்வார்.

மற்றவர்களுக்கும்: குறை மாதத்தில் கலைந்தால் வெறுங்கையால் தொடாமல் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஒன்றுக்கு மேல் கலைந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தம் பரிசோதிக்கக் கொடுங்கள்.

ராத்திரியில் சினையாடு கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்கிறார்களே? – வாசகர், வாடிப்பட்டி

தண்ணீர்த் தொட்டி காலியா என்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தையில் நிறைமாத ஆடு வாங்கினால் சீக்கிரம் குட்டி கிடைக்குமே, வாங்கலாமா? – வாசகர், டி. கல்லுப்பட்டி

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் நெருக்கி ஏற்றி, வெயிலில் நிறுத்தி, புது இடம், புதுத் தீனி, புதுக் கிருமி எல்லாம் ஒரே வாரத்தில் என்றால் நிறைமாதத்தில் தாங்காது. 2011-இல் விலையில்லா ஆடுகள் திட்டம் வந்தபோது, நாலு ஆடு வாங்கிய பெண்களிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: சினை இல்லாத, அல்லது இரண்டு மூன்று மாதச் சினையில் இருக்கிற, இரண்டு ஈத்துக்குள் உள்ள ஆடாகப் பாருங்கள். பல்லைப் பாருங்கள், மடியில் கட்டி இருக்கிறதா என்று இரண்டு கையாலும் அமுக்கிப் பாருங்கள். வாங்கிய ஆட்டை இரண்டு வாரம் உங்கள் ஆடுகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

ஈன்று அரை நாள் ஆகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா கல் கட்டித் தொங்கவிடச் சொல்கிறார். – வாசகி, உசிலம்பட்டி

வேண்டாம். கனம் கட்டினால் கொடி அறுந்து மிச்சம் உள்ளே அழுகும், இல்லையென்றால் கருப்பையையே வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிடும். பொதுவாக ஆறு எட்டு மணிக்குள் விழ வேண்டும். பன்னிரண்டு மணி தாண்டினால் டாக்டர் வேலை அது. இந்தக் கடிதம் எனக்கு வந்து சேர நாலு நாள் ஆகியிருக்கிறது தாயி, அதனால் உங்கள் நம்பருக்கு அன்றைக்கே பேசிவிட்டேன். ஆனாலும் மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன். தொங்குகிற கொடி மண்ணில் புரளாமல் இருக்க நுனியை மட்டும் முடிச்சுப் போட்டு விடலாம். ஆட்டுக்கு வெதுவெதுப்பான கருப்பட்டித் தண்ணீர் கொடுங்கள், குட்டியை ஊட்டவிடுங்கள். ஊட்ட ஊட்டக் கருப்பை சுருங்கும், பாதி ஆட்டுக்கு அதிலேயே விழுந்துவிடும். விழுந்ததும் ஆடு அதைத் தின்னப் பார்க்கும், நாயும் காத்துக்கொண்டிருக்கும். கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மாட்டு நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் ஆட்டுக்குத் தேவையில்லை.